பிழைத்தவளுக்குப் பயம் வரலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

7 வயதில் எனக்கு ரத்தப் புற்றுநோய். இரண்டரை வருடம் சிகிச்சை. இப்போது 24 வயது, நோய் இல்லை. ஆனால் காலில் எங்காவது கன்றிப்போயிருந்தால்கூட அன்று ராத்திரி தூக்கம் போய்விடுகிறது. பள்ளியிலும் எல்லோரையும்விட மெதுவாகத்தான் படித்தேன். வீட்டில் சொன்னால், "அதான் சரியாகிவிட்டதே, எத்தனை பேருக்கு இந்தப் பாக்கியம் கிடைக்கும்" என்கிறார்கள். நான் நன்றி கெட்டவளா?

எம்.

அன்புள்ள எம்,

இல்லவே இல்லை.

ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்து, அடிபடாமலே தோல் கன்றிப்போவது அந்த நோயின் ஆரம்ப அடையாளங்களில் ஒன்று. அந்த அடையாளத்துக்கு நீங்கள் பயப்படுவதை வெறும் கற்பனை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

மெதுவாகப் படித்தேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. நோய் மூளைக்குப் பரவாமலிருக்க முதுகுத்தண்டு வழியாக மெத்தோட்ரெக்சேட் மருந்தை ஏற்றுவார்கள், சிலருக்குத் தலையில் கதிர்வீச்சும் கொடுத்திருப்பார்கள். உயிரைக் காப்பாற்றிய அதே சிகிச்சை சில குழந்தைகளுக்குக் கவனத்தையும் நினைவையும் யோசிக்கிற வேகத்தையும் குறைத்துவிடுகிறது. இது யாருக்கும் தெரியாததால் 'சோம்பேறி' என்ற பெயரோடு எத்தனை பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள் என்று நினைத்தால் மனசு ஆறவில்லை. இதைக் கண்டறிய நரம்பு உளவியல் பரிசோதனை இருக்கிறது, 24 வயதிலும் செய்துகொள்ளலாம்.

நீங்கள் தனி ஆளும் இல்லை. சிறுவயதில் புற்றுநோய் வந்து பிழைத்த ஆயிரக்கணக்கானவர்களை அவர்களுடைய உடன்பிறந்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பெரிய ஆய்வு ஒன்று 1994-இல் தொடங்கி அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்துவருகிறது. பிழைத்தவர்களில் பெரும்பாலோர் மனதளவில் நன்றாகவே இருக்கிறார்கள், ஆனாலும் சோர்வும் பதற்றமும் உடன்பிறந்தவர்களைவிட இவர்களிடம் கூடுதல் என்று அதில் தெரியவந்திருக்கிறது.

அப்புறம் உங்கள் வீட்டார். அவர்கள்மேல் கோபப்படாதீர்கள். பல குடும்பங்களில் அந்த நாட்களின் அதிர்ச்சி குழந்தையைவிடப் பெற்றோரிடம்தான் அதிகமாகத் தங்கிவிடுகிறது. "அதான் சரியாகிவிட்டதே" என்பதை அவர்கள் தங்களுக்கே சொல்லிக்கொள்கிறார்களோ என்று தோன்றுகிறது. அம்மாவிடம் ஒருநாள், "அப்போ உனக்கு எப்படிம்மா இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது, டாக்டர் கேட்காவிட்டாலும் தூக்கம் போவதை நீங்களே சொல்லுங்கள். அங்கேயே சிகிச்சைச் சுருக்கம் ஒன்று கேட்டு வாங்குங்கள், எந்த மருந்து எவ்வளவு கொடுத்தார்கள் என்று அதில் இருக்கும். மனநல ஆலோசகரைப் பார்க்கப் போகும்போது அந்தத் தாள் கையில் இருக்கட்டும்.