இரண்டரை வயது மகள் பொம்மையை யாருக்கும் தர மறுக்கிறாள். பகிர்ந்துகொள்ளப் பழக்குவது எப்படி?

முதலில் ஒன்று: உங்கள் மகளிடம் குறை எதுவும் இல்லை. 'என்னோடது' என்பது புரிந்த பிறகுதான் 'இந்தா, உனக்கு' என்பதற்கே அர்த்தம் வரும். அவள் இப்போது முதல் பாதியில் இருக்கிறாள்.

என் மகனுக்கு மூன்று வயதில் உயிருக்கு உயிராக ஒரு சிவப்பு லாரி. அக்கா மகள் வந்து அதைக் கேட்டு அழுதாள். வீடு நிறைய ஆட்கள் வேறு. எனக்கு மானப் பிரச்சினை. "நல்ல பிள்ளை கொடுக்கும்" என்று சொல்லி அவன் கையிலிருந்து பிடுங்கி அவளிடம் கொடுத்துவிட்டேன். அதன் பிறகு வாசலில் அவள் குரல் கேட்டாலே லாரி தலையணைக்கு அடியில் போய்விடும். பெரிய ஆள் பிடுங்கலாம் என்பதைத்தான் அன்று நான் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

அப்புறம் வழியை மாற்றினேன். யாராவது வருவதற்கு முன் "எதையெல்லாம் எடுத்து வைக்கணும்?" என்று அவனையே கேட்பேன். லாரி அலமாரிக்குப் போகும், மற்றவை பொது. 'அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கொடு' என்பதெல்லாம் அந்த வயதில் எடுபடாது. நிமிஷம் என்றால் என்னவென்று அவனுக்கு எப்படித் தெரியும்? "நாலு சுற்று ஓட்டிட்டுக் கொடு" என்றால் புரிந்தது. ஒருநாள் அவனே லாரியை எடுத்து வந்து அவள் பக்கம் தள்ளினான், கட்டியிருந்த கயிற்றை மட்டும் விடாமல். நான் வாயே திறக்கவில்லை.

சேர்ந்து செய்யும் வேலையும் நன்றாக உதவுகிறது. 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், மூன்று வயதுக் குழந்தைகள் இருவர் சேர்ந்து கயிறு இழுத்துப் பரிசுகளை வரவழைத்தார்கள். ஒருவருக்கு மூன்று, மற்றவருக்கு ஒன்று என்று வந்தபோது, அதிகம் கிடைத்த குழந்தை பெரும்பாலும் ஒன்றைக் கொடுத்துச் சமமாக்கியது. உழைக்காமல் கிடைத்தபோது அப்படிக் கொடுத்தது குறைவு. அதைப் படித்த பிறகு, இரண்டு பேரையும் ஒரே கோபுரம் கட்டச் சொல்வது எனக்கு வழக்கமாகிவிட்டது.

வீட்டில் பெரியவர்கள் செய்யும் ஒரு தப்பும் உண்டு. "எனக்கு ஒரு வாய்" என்று கேட்போம். குழந்தை நீட்டியதும் "சும்மா கேட்டேன், நீயே சாப்பிடு" என்போம். கொடுத்தால் நமக்குக் குறையும் என்பதே அதற்குத் தெரியாமல் போகிறது. இன்னொரு குழந்தை அதை நிஜமாகவே வாங்கிக் கடித்துவிட்டால் வீடே இரண்டாகும். கேட்டால் வாங்கிச் சாப்பிடுங்கள். முகம் சுருங்கினாலும் பரவாயில்லை, "நல்லா இருக்கே" என்று சொல்லுங்கள்.

வயதும் கொஞ்சம் ஆக வேண்டும். 2008-ல் வந்த ஓர் ஆய்வில், இனிப்பைப் பங்கிடச் சொன்னபோது மூன்று, நான்கு வயதுக்காரர்கள் பெரும்பாலும் தங்கள் பங்கைத்தான் பார்த்தார்கள். ஏழு, எட்டு வயதில் பெரும்பாலோர் சமமாகப் பிரித்தார்கள்.

என் மகனுக்கு இப்போது ஆறு. வீட்டில் தின்பண்டம் எதையாவது ஒருவர் வெட்டினால் மற்றவர்தான் முதலில் எடுக்க வேண்டும். வெட்டுவது அவன் என்றால் இரண்டு துண்டையும் விரலால் அளந்து பார்க்கிறான். லாரியை மட்டும் இன்னும் யாருக்கும் கொடுப்பதில்லை. நானும் கேட்பதில்லை.