2எக்ஸ் + 3ஒய் = 12: மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டில் வரவில்லை என்றால்

இந்தச் சமன்பாட்டின் கோட்டை வரைய நீங்கள் கண்டுபிடித்த மூன்று புள்ளிகள் (0, 4), (3, 2), (−3, 2). இவற்றில் முதல் இரண்டும் சரி. தப்பு (−3, 2)-இல்தான். அது (−3, 6) என்று வர வேண்டும்.

அநேகமாகக் கழித்தல் குறியை விட்டிருப்பீர்கள். எக்ஸுக்கு −3 போட்டால் 2 × (−3) = −6. அதை வலப்பக்கம் கொண்டுபோனால் 3ஒய் = 12 + 6 = 18, ஒய் = 6. நீங்கள் 12 − 6 = 6 என்று எடுத்ததால் 2 வந்துவிட்டது. எதிர் எண்ணை அடைப்புக்குறிக்குள் எழுதிப் பிரதியிட்டால் குறி நழுவாது.

சந்தேகமான புள்ளியைச் சமன்பாட்டிலேயே திரும்பப் போட்டுப் பாருங்கள்: 2(−3) + 3(2) = 0. 12 வரவில்லை, ஆகவே அது கோட்டில் இல்லை. அட்டவணையிலும் தெரியும்: எக்ஸ் 3 கூடும்போதெல்லாம் ஒய் 2 குறையும். −3, 0, 3, 6-க்கு 6, 4, 2, 0. (எக்ஸுக்கு 3-இன் மடங்குகளையே எடுங்கள், பின்னத் தொல்லை இல்லை.)

ஒன்று மட்டும்: இந்தச் சோதனை கணக்குப் பிழையைத்தான் பிடிக்கும், குறிக்கும்போது வரும் பிழையை அல்ல. (6, 0)-ஐ ஒய் அச்சில் வைத்துவிட்டாலும் கோடு கோணலாகும். ஒரே அச்சில் பாதி தூரம் 1 செ.மீ. = 1 அலகு, மீதி 1 செ.மீ. = 2 அலகு என்று மாறியிருந்தாலும் அப்படித்தான்.