தனியார் மருத்துவமனை கேஸ் ஷீட்டின் நகலைத் தர மறுத்தால் என்ன செய்வது?

கேள்வி: அம்மா தனியார் மருத்துவமனையில் உள்நோயாளியாக இருக்கிறார். வேறொரு மருத்துவரின் கருத்தையும் கேட்க விரும்பி, சிகிச்சைக் குறிப்புகளின் நகலைக் கேட்டோம். “கேஸ் ஷீட் மருத்துவமனையின் சொத்து, டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும்தான் தருவோம்” என்கிறார்கள். நகல் கேட்க நமக்கு உரிமை இருக்கிறதா?

பதில்:

இருக்கிறது. மூலப்படி மருத்துவமனையின் பாதுகாப்பில் இருக்க வேண்டும் என்பது சரியே. ஆனால் அதைக் காரணம் காட்டி நகலை மறுக்க முடியாது. இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-ஆம் ஆண்டு வகுத்த தொழில் நடத்தை விதிகளின்படி, உள்நோயாளியின் பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குப் பாதுகாக்க வேண்டும். நோயாளியோ அவர் சார்பில் அதிகாரம் பெற்றவரோ கேட்டால், கேட்டதற்கு ஒப்புகை தந்து, 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களை வழங்க வேண்டும். வழங்க மறுப்பது தொழில் ஒழுங்கீனம் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. அக்கவுன்சிலின் இடத்தில் பின்னர் வந்த தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் புதிய விதிகளை வெளியிட்டு, எதிர்ப்பு எழுந்ததும் அதே மாதத்தில் அவற்றை நிறுத்தி வைத்துவிட்டது. ஆகவே 2002 விதிகளையே குறிப்பிட்டு எழுதுங்கள்.

தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018-இல் 17 உரிமைகள் கொண்ட நோயாளிகள் உரிமைச் சாசனம் ஒன்றைத் தயாரித்தது. மத்திய சுகாதார அமைச்சகம் அதை 2019-இல் மாநிலங்களுக்கு அனுப்பியது. நோயாளி மருத்துவமனையில் இருக்கும்போதே நகல் கேட்டால் கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள்ளும், வீடு திரும்பிய பின் கேட்டால் 72 மணி நேரத்துக்குள்ளும் தர வேண்டும் என்கிறது அச்சாசனம். நீங்கள் விரும்பும் இரண்டாம் மருத்துவக் கருத்தும் அதில் தனி உரிமையாகவே இடம்பெற்றிருக்கிறது. சாசனம் சட்டமன்று என்று யாரேனும் உடனே திருத்த வருவார்கள். உண்மைதான், அதனால்தான் 2002 விதியை முதலில் சொன்னேன். அந்த விதியும் மருத்துவரைத்தான் நேரடியாகக் கட்டுப்படுத்துகிறது, நிர்வாகத்தை அன்று. ஆகையால் விண்ணப்பத்தை மருத்துவக் கண்காணிப்பாளருக்கு மட்டும் எழுதாமல், சிகிச்சை அளிக்கும் மருத்துவரின் பெயரையும் பெறுநராகச் சேர்த்து எழுதுவது அவசியம்.

இனி, இக்கேள்வியைப் பார்த்ததும் நான் எழுத உட்கார்ந்ததற்கான காரணம். என் அப்பா எண்பதைத் தாண்டியவர். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. கால் வீக்கமும் மூச்சிரைப்பும் வந்ததால் எங்கள் மாவட்டத் தலைநகரில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் விவாதம் அந்த மருத்துவமனையைப் பற்றியதாகிவிடும். சிறுநீரகம் பழுதுபட்டால் ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் அளவு, சேர்த்தபோது 1.8 ஆக இருந்தது, சில நாட்களில் 4.3 ஆக உயர்ந்தது. டயாலிசிஸ் தொடங்க வேண்டி வரலாம், மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள் என்றார்கள். வேறு ஊரில் இருந்த சிறுநீரக மருத்துவர் ஒருவரைத் தெரிந்தவர் மூலமாக அணுகியபோது, கடைசி ரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்துக்கொண்டு தம்மால் எதுவும் சொல்ல இயலாது என்றும், ஒவ்வொரு நாளும் என்ன மருந்து ஏறியது, எவ்வளவு சிறுநீர் பிரிந்தது, அளவுகள் எந்த வரிசையில் மாறின என்பதெல்லாம் வேண்டும் என்றும் சொன்னார். அவர் கேட்டவை அனைத்தும் கேஸ் ஷீட்டில்தான் இருந்தன.

செவிலியர் மேசையில் கேட்டேன். பில்லிங் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே, டிஸ்சார்ஜ் ஆன பிறகு மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் கேளுங்கள் என்றார்கள். மேலாளரோ, “நகலைக் கொடுத்தால் நாளைக்கு வக்கீலிடம் கொண்டுபோவீர்கள்” என்று வெளிப்படையாகவே சொன்னார். கோபம் வந்தது என்றாலும், அந்தப் பேச்சு எனக்குப் புதிதன்று. நான் ஊராட்சி ஒன்றிய அலுவலகம் ஒன்றில் தபால் பிரிவில் வேலை பார்ப்பவன். வாயால் கேட்பவரை நாளை வாருங்கள் என்று சொல்லி அனுப்புவது எவ்வளவு எளிது என்பதும், அதே கோரிக்கை தாளில் வந்து தேதி முத்திரை விழுந்து அலுவலகப் பதிவேட்டில் எண் ஏறிவிட்டால் அதற்கு யாரோ ஒருவர் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பதும் எனக்கு அன்றாடம் தெரிந்தவை.

ஆகவே அப்பாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு விண்ணப்பம் எழுதினேன். பெறுநர் இடத்தில் கண்காணிப்பாளரும் மருத்துவரும். பொருளில் நோயாளியின் பெயரும் உள்நோயாளி எண்ணும். உடலில் நான்கே வரிகள். இரண்டாம் கருத்துக்காக நகல் தேவை, 2002 விதிகளின் 1.3.2-ஆம் பிரிவின்படி கேட்கிறேன், நகலெடுக்கும் கட்டணத்தைச் செலுத்தச் சம்மதம், பெற்றுக்கொள்ள என் மகனுக்கு அதிகாரம் அளிக்கிறேன் என்று அப்பாவின் பெயரில் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கினேன். குற்றச்சாட்டு என்று ஒரு சொல்கூட அதில் இல்லை. என் பிரதியில் பெற்றதற்கான முத்திரை கேட்டபோது வரவேற்பு மேசையில் தயங்கினார்கள். முத்திரை இல்லையென்றால் இதையே மின்னஞ்சலிலும் விரைவுத் தபாலிலும் அனுப்பிவிடுகிறேன் என்று பணிவாகவே சொன்னேன். முத்திரை விழுந்தது. மறுநாள் பக்கத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிக்கொண்டு முழு நகலையும் கொடுத்தார்கள்.

இதை நான் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். ஆனால் அந்த நகலில் இருந்தது மருத்துவமனைக்கு மட்டும் சங்கடம் தரும் செய்தி அன்று. மருந்து அட்டவணையில், முழங்கால் வலிக்காக அடுத்தடுத்த இரண்டு இரவுகளில் டைக்ளோஃபினாக் ஊசி போட்டிருந்தது பதிவாகியிருந்தது. சிறுநீரகம் ஏற்கெனவே பழுதுபட்டவருக்கு அது பொதுவாகத் தவிர்க்கப்படும் மருந்து. சேர்க்கையின்போது எழுதப்பட்ட முன்வரலாற்றுத் தாளைப் புரட்டினால், ‘வலி மாத்திரை உட்கொள்ளும் வழக்கம்: இல்லை, நாட்டு மருந்து: இல்லை’ என்று இருந்தது. சொன்னவர் அப்பாவேதான். உண்மையில் அவர் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள மெடிக்கலில் மாதக்கணக்காக வலி மாத்திரை வாங்கி விழுங்கிவந்திருக்கிறார்; கூடவே ஒரு மூட்டுவலிச் சூரணமும். மருத்துவர் திட்டுவார், வீட்டில் எல்லாரும் பிடித்துக்கொள்வார்கள் என்ற பயத்தில் மறைத்திருக்கிறார். எங்களில் எவருக்கும் அது தெரியாது.

இரண்டாவது மருத்துவர் அந்த இரண்டு தாள்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்துவிட்டு, காணொளி அழைப்பில் அப்பாவிடம் நேராகவே கேட்டார்: “ஐயா, முட்டி வலிக்கு என்ன மாத்திரை போட்டுக்கிறீங்க? நான் திட்ட மாட்டேன்.” அப்பா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, மாத்திரையின் பெயர், நிறம், விலை உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சர்க்கரையால் தளர்ந்த சிறுநீரகம், வீக்கத்துக்காகக் கொடுக்கப்பட்ட நீர் மாத்திரை, வீட்டில் விழுங்கிய வலி மாத்திரைகள், அதன் மேல் மருத்துவமனை ஊசி என எல்லாம் சேர்ந்து அளவை ஏற்றியிருக்கக்கூடும் என்பது அவர் கருத்து. ரத்த அறிக்கையைப் பார்த்த பணி மருத்துவர் அந்த ஊசியைத் தவிர்த்திருக்கலாம் என்றும், நோயாளி உண்மையைச் சொல்லியிருந்தால் முதல் நாளிலேயே எச்சரிக்கை விழுந்திருக்கும் என்றும் அவர் ஒரே மூச்சில் சொன்னார். அப்பாவை அவரிடமே மாற்றிச் சேர்த்தோம். மருந்துகள் நிறுத்தப்பட்டு, கவனிப்புக்குப் பின் அளவு படிப்படியாக இறங்கியது, டயாலிசிஸ் தேவைப்படவில்லை. முதல் மருத்துவமனை டயாலிசிஸ் பற்றிப் பேசியதே தவறு என்று நான் சொல்லவில்லை. அப்படிப்பட்ட ஏற்றத்தைப் பார்த்த எவரும் அதற்கான ஆயத்தத்தைச் செய்திருக்கவே வேண்டும். நான் மருத்துவன் அல்லன், மருத்துவர்களுக்கு எதிரானவனும் அல்லன்.

நான் குறிப்பிட்ட சாசனத்தின் பிற்பகுதியில் நோயாளியின் பொறுப்புகளும் இருக்கின்றன. அதைப் பகிர்பவர்களில் பெரும்பாலோர் உரிமைகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். உடல்நிலை பற்றிய எல்லாத் தகவல்களையும் மறைக்காமல் தருவது அப்பொறுப்புகளில் ஒன்று. நகல் கேட்பவர்கள், அந்தத் தாளில் ஒரு பாதியை எழுதவைப்பவர்கள் நாம்தான் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். நாம் சொல்லாத மாத்திரை அதில் ஏறாது, ஏறாத மாத்திரைக்கு எச்சரிக்கையும் எழாது. உங்கள் அம்மா விஷயத்திலும், நகல் கைக்கு வந்தவுடன் முதலில் முன்வரலாற்றுத் தாளை அவருக்குப் படித்துக் காட்டி, விட்டுப்போனது ஏதும் உண்டா என்று தனியாக இருக்கும்போது கேளுங்கள். மருமகள், பேரன் எல்லாரும் சூழ்ந்து நிற்கையில் கேட்டால் எந்தத் தாயும் உண்மையைச் சொல்ல மாட்டார்.

வேறு மருத்துவமனைக்கு மாற்றுவதானால், ‘மருத்துவ ஆலோசனைக்கு மாறாக அழைத்துச் செல்கிறோம்’ என்று ஒரு படிவத்தில் கையொப்பம் கேட்பார்கள். மிரட்டுகிறார்கள் என்று அதற்குச் சண்டை பிடிக்க வேண்டாம். தாம் தேர்ந்த முடிவின் விளைவுக்கும், மறுத்த சிகிச்சையின் விளைவுக்கும் நோயாளி தரப்பே பொறுப்பு என்பது சாசனத்திலேயே உள்ளது. படித்துப் பார்த்து, உண்மைக்கு மாறான வரி இருந்தால் அடித்துச் சுருக்கொப்பமிட்டு, ஒரு நகலை வாங்கிக்கொண்டு கையெழுத்திடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். கட்டணப் பாக்கிக்காக நோயாளியைத் தடுத்து நிறுத்தக் கூடாது என்பதும் அதே சாசனம்தான். பாக்கியைக் கட்டும் கடமை அதனால் தீர்ந்துவிடாது.

பொறுப்பு என்று பேச்சு வந்ததால், உறவினர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அப்பா படுத்திருந்த நாட்களில் எனக்கு மருத்துவமனையை விட அதிகத் தொல்லை கொடுத்தவர்கள் அவர்கள்தாம். ஒருவருக்குத்தான் பாஸ் என்று வாசலில் எழுதியிருக்க, ஆப்பிளும் ஹார்லிக்ஸும் ஏந்திக்கொண்டு ஆறு பேராக உள்ளே நுழைந்து, பக்கத்துக் கட்டில்காரர் அறுவைச் சிகிச்சை முடிந்து கண்ணயர்ந்திருக்கையில் நிலத் தகராறு பேசினார்கள். உப்பு குறைக்கப்பட்டவருக்கு அத்தை ஒருவர் ஊறுகாய் கொண்டுவந்து கொடுத்தார். மைத்துனர் ஒருவர், டிரிப்ஸ் மாற்றத் தாமதமாகிவிட்டது என்று இரவுப் பணியில் இருந்த செவிலியரைக் கை நீட்டிப் பேசினார். அந்தப் பெண்ணோ அந்த வார்டு முழுவதையும் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தக் குறை இருந்தாலும் வன்முறையில் இறங்கக் கூடாது, சக நோயாளிகளுக்கு இடையூறு செய்யக் கூடாது என்பவையும் சாசனத்தின் பொறுப்புப் பட்டியலில் அடக்கம். மருத்துவப் பணியாளரைத் தாக்குவது தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிணையில் விட முடியாத குற்றம். மறுநாள் நான் முத்திரை கேட்டு நின்றபோது, செவிலியரைக் கை நீட்டிப் பேசியவரின் உறவினர்தானே இவர் என்ற பார்வையையும் சேர்த்தே தாங்க வேண்டியிருந்தது.

உங்களுக்கு வேண்டியதைக் கடைசியாகச் சொல்லிவிடுகிறேன். ‘கேஸ் ஷீட்’ என்று மட்டும் எழுதினால் நான்கு தாளை நீட்டி முடித்துவிடுவார்கள். சேர்க்கைக் குறிப்பு, முன்வரலாறு, மருத்துவரின் அன்றாடக் குறிப்புகள், செவிலியர் குறிப்புகள், மருந்து அட்டவணை, உட்கொண்ட மற்றும் வெளியேறிய நீரின் கணக்கு, எல்லாப் பரிசோதனை அறிக்கைகள், ஒப்புதல் படிவங்கள் என்று தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். ஸ்கேன் எடுத்திருந்தால் அறிக்கையோடு படங்கள் அடங்கிய சிடியையும் கேளுங்கள். அம்மா கையெழுத்திடும் நிலையில் இருந்தால் அவர் பெயரிலேயே விண்ணப்பம் போகட்டும். உங்களுக்கு அளிக்கும் அதிகாரமும் உங்கள் அடையாளச் சான்றின் நகலும் அதனுடன் இணைந்திருக்கட்டும். 72 மணி நேரம் கடந்தும் பதில் இல்லையென்றால், முத்திரை விழுந்த பிரதியை இணைத்துத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாம். கட்டணம் செலுத்திப் பெற்ற சிகிச்சை என்பதால் 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் அணுகலாம். இதே கேள்வியோடு அரசு மருத்துவமனையில் நிற்பவர்கள் நிலைய மருத்துவ அலுவலரிடம் விண்ணப்பம் கொடுக்கலாம். மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதலாம். அச்சட்டத்தில் பொதுவான கெடு 30 நாட்கள்; ஒருவரின் உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம். தீவிர சிகிச்சையில் இருப்பவருக்காகக் கேட்கிறீர்கள் என்றால், அதை மனுவின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.