மீன்கொத்தி அந்தரத்தில், ஃபோகஸ் கோரையில்

காட்பாடியிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர் கேட்டிருக்கிறார்: "கேனான் ஆர்7 கேமராவும் ஆர்எஃப் 100-400 லென்ஸும் வாங்கி ஏழு மாதம் ஆகிறது, சார். ஞாயிற்றுக்கிழமைகளில் காவேரிப்பாக்கம் ஏரிக்குப் போகிறேன். எட்டு மணிக்கு ஆரம்பித்துப் பதினொரு மணி வரை எடுப்பேன். கருப்பு வெள்ளை மீன்கொத்தி அந்தரத்தில் நின்று சிறகடிக்கும்போது எடுத்தால், பின்னால் இருக்கும் கோரைதான் பளிச்சென்று விழுகிறது. அமிர்தி காட்டில் குருவி உட்கார்ந்திருந்தாலும் முன்னால் நிற்கும் குச்சியைப் பிடித்துக்கொள்கிறது. தூரத்தில் நிற்கும் நாரையோ எதிலும் தெளிவாக வருவதில்லை. லென்ஸைச் சரிபார்க்கக் கொடு என்கிறார் நண்பர். ஆட்டோஃபோகஸை எப்படி அமைக்க வேண்டும்?"

முதலில் லென்ஸ் விஷயம். அவசரப்பட்டு எங்கும் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் நண்பர் சொல்வது டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த பழைய வகைக் கேமரா) காலத்துப் பழக்கம். அந்தக் கேமராக்களில் ஃபோகஸ் பார்க்கத் தனி சென்சார், படம் பதிவாக வேறு சென்சார். இரண்டுக்கும் நடுவே இம்மி விலகினாலும் ஃபோகஸ் முன்னாலோ பின்னாலோ போய்விடும், அதைத் திருத்த வேண்டியிருந்தது. உங்கள் ஆர்7 போன்ற, கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸில் படம் விழும் சென்சாரே ஃபோகஸையும் பார்க்கிறது. அதனால் அந்த விலகலுக்கு அநேகமாக இடமில்லை. சந்தேகம் தீர வேண்டுமா? வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைக் காலை வெளிச்சத்தில் பத்து மீட்டர் தள்ளி மாட்டுங்கள். கேமராவை ஸ்டாண்டில் வைத்து, 'ஒன் ஷாட்' (ஒருமுறை ஃபோகஸ் பிடித்து நின்றுவிடும்) முறையில், ஒற்றைப் புள்ளியில், இரண்டு விநாடி டைமர் போட்டு எடுங்கள். ராகுகாலம், எமகண்டம் எழுத்தெல்லாம் கூர்மையாக இருந்தால் லென்ஸ் நன்றாகவே இருக்கிறது. லென்ஸ் முனையில் கண்ணாடி ஃபில்டர் மாட்டியிருந்தால் கழற்றிவிட்டு எடுங்கள். மலிவான ஃபில்டர் ஒன்றே 400 மில்லிமீட்டரில் கூர்மையைத் தின்றுவிடும்.

அடுத்து, நீங்கள் சொன்ன மூன்று கோளாறும் ஒரே கோளாறு அல்ல. அதைப் பிரித்தறியத் தெரிந்தால்தான் செட்டிங்கைத் தொட வேண்டுமா வேண்டாமா என்பதே தெரியும். கணினியில் படத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். பறவை மங்கலாக இருந்து, அதற்கு முன்னாலோ பின்னாலோ வேறொன்று கூர்மையாக இருந்தால் அது ஃபோகஸ் தவறு. எதுவுமே கூர்மையாக இல்லாமல், எல்லாம் ஒரே திசையில் இழுத்த மாதிரி இருந்தால், அல்லது உடல் தெளிவாக இருந்து சிறகு மட்டும் கலைந்திருந்தால், ஷட்டர் வேகம் போதவில்லை. தொடர்ச்சியாக எடுத்த இருபது படங்களில் ஒவ்வொன்றிலும் வேறு வேறு இடம் குழைந்து, விளிம்பெல்லாம் தண்ணீருக்கடியில் பார்ப்பதுபோல் நெளிந்திருந்தால் அது கானல். உங்கள் மீன்கொத்தியும் குருவியும் முதல் வகை. நாரை மூன்றாவது வகை என்பது என் கணிப்பு.

ஃபோகஸுக்கு வருவோம். விளம்பரங்களைப் பார்த்துவிட்டு, பறவையைக் கேமராவே தேடிக் கண்டுபிடித்துக்கொள்ளும் என்று நினைத்துவிடுகிறோம். தேடித் தருவது நம் வேலை. ஒருமுறை கையில் கொடுத்துவிட்டால், விடாமல் பின்தொடர்வதில் கேமரா நம்மைவிடப் பல மடங்கு கெட்டி. நடப்பது இதுதான்: லென்ஸ் ஏற்கெனவே நூறு மீட்டர் தள்ளியுள்ள கோரையில் ஃபோகஸ் ஆகி நிற்கிறது. இருபது மீட்டரில் இருக்கும் மீன்கொத்தி அப்போது சென்சாரில் வெறும் சாம்பல் புகை. அதைப் பறவை என்று எந்த மென்பொருளாலும் அடையாளம் காண முடியாது. கோரையிலோ செங்குத்தான கோடுகள், நல்ல கருப்பு வெளுப்பு வேறுபாடு. கேமரா அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது.

அதனால் மெனுவைத் திறக்கும் முன்பே ஒரு பழக்கம். ஏரிக்கரையில் நின்றதும், மீன்கொத்தி வழக்கமாக வந்து நிற்கும் தூரத்தில் ஒரு மரக்கிளையோ, நீரில் நட்ட கம்போ, மின்கம்பமோ இருக்கிறதா என்று பாருங்கள். அதில் ஒருமுறை ஃபோகஸ் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பறவை வந்தவுடன் 400-ல் தேடாதீர்கள். ஆர்7-இன் சென்சார் சிறியது என்பதால் 400 மில்லிமீட்டர் உங்களுக்கு 640 மாதிரி தெரியும். அது சந்துக்குள் எட்டிப் பார்ப்பதுபோல. லென்ஸை 200-க்கு இறக்கிப் பறவையைக் கட்டத்துக்குள் கொண்டுவாருங்கள், ஃபோகஸ் பிடித்ததும் ஜூமைத் திருகுங்கள். இந்த இரண்டு பழக்கமும் வந்துவிட்டால் பாதிக் குறை அங்கேயே தீரும்.

சரி, இப்போது மெனு. ஃபோகஸ் முறை 'சர்வோ'வில், அதாவது நகர்வதைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்துகொண்டே இருக்கும் முறையில், இருக்க வேண்டும். கண்டறிய வேண்டியது எது என்ற இடத்தில் 'அனிமல்ஸ்' வையுங்கள், பறவையும் அதற்குள்தான் வரும். 'பீப்பிள்' என்று இருந்தால், ஏரியில் வலை வீசுபவர் முகத்தைத் தேடிக்கொண்டிருக்கும். கண் கண்டறிதல் இயங்கட்டும், எந்தக் கண் என்பது 'ஆட்டோ'. பிடித்த பறவையைப் படத்தின் பரப்பு முழுவதும் பின்தொடரும் 'ஹோல் ஏரியா டிராக்கிங் சர்வோ' என்பதையும் இயக்கிவிடுங்கள்.

அப்புறம் பட்டன்கள். ஷட்டர் பட்டனிலிருந்து ஃபோகஸைப் பிரித்துவிடுங்கள், அது வெளிச்சத்தை மட்டும் அளக்கட்டும். கட்டை விரல் படும் இடத்தில் இருக்கும் இரண்டு பட்டன்களுக்கு இரண்டு வேலை கொடுங்கள். 'ஏஎஃப்-ஆன்' (ஏஎஃப் என்றால் ஆட்டோஃபோகஸ்) பட்டனை அழுத்தினால் நீங்கள் தேர்ந்த சிறிய கட்டத்தில் ஃபோகஸ் தொடங்கும். அதற்கு ஒற்றைப் புள்ளியை வைத்துக்கொள்ளலாம். பக்கத்திலுள்ள நட்சத்திரப் பட்டனுக்கு 'ஐ டிடெக்ஷன் ஏஎஃப்' கொடுங்கள். அதை அழுத்தினால் படத்தின் பரப்பு முழுவதிலும் பறவையையும் அதன் கண்ணையும் தேடும். முதல் பட்டன் கேமராவுக்குப் பறவையைக் காட்டிக் கொடுக்க, இரண்டாவது அதைப் பின்தொடர. முதலில் சிறிய புள்ளியால் பறவைமேல் தொட்டு, படம் தெளிந்த கணமே கட்டை விரலை நட்சத்திரத்துக்கு நகர்த்துங்கள். நான்கைந்து நாளில் விரல் தானாகப் போகும்.

கருப்பு வெள்ளை மீன்கொத்தியிடம் இன்னொரு சிக்கல் உண்டு. அதன் கரிய கண் கருப்புப் பட்டைக்குள் புதைந்திருக்கிறது. காலை எதிர்வெயிலில் கண் எது, பட்டை எது என்று நமக்கே தெரியாது. கேமரா தலையைத்தான் பிடிக்கும். அது போதும், கண் கட்டம் வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்து நில்லுங்கள், கண்ணில் ஒரு ஒளிப்பொட்டு விழும், கேமராவுக்கும் அது உதவும். கரிச்சான், நீர்க்காகம் போன்ற கரும்பறவைகள் வானத்தை ஒட்டி வந்தால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். கேமரா பார்ப்பது சென்சாரில் விழும் படத்தைத்தான். அங்கே பறவை கரிக்கட்டையாக இருந்தால் கண்ணைக் கண்டுபிடிக்கத் தடுமாறும்.

சர்வோவின் குணத்தை மாற்றும் 'கேஸ்' வரிசையில் ஏரிக்கு 'கேஸ் 2' வைத்துப் பாருங்கள். குறுக்கே கோரையோ வேறொரு பறவையோ வந்தாலும் பிடித்ததை விடாமலிருக்க அது. தகைவிலானைப் போலத் திடீர் திடீரென வேகம் மாற்றுகிறவற்றுக்கு 'கேஸ் 4'. ஆனால் இந்த எண்களில் ரொம்ப நேரத்தைச் செலவழிக்காதீர்கள். தொடக்கத்தில் கோரையைப் பிடித்துவிட்டு 'கேஸ் 2' வைத்தால், கோரையையும் அது அதே விசுவாசத்தோடு பிடித்துக்கொண்டிருக்கும். தவறான இடத்தில் பிடித்துவிட்டால் கட்டை விரலை எடுத்துவிட்டு மறுபடி அழுத்துவதே வழி. அழுத்தி அழுத்தி எடுப்பது கூச்சப்பட வேண்டிய பழக்கமல்ல, நல்ல பழக்கம்.

ஷட்டர் வேகம் அந்தரத்தில் நிற்கும் மீன்கொத்திக்கு 1/2500 விநாடி, கொக்கு நாரை பறந்தால் 1/1600, உட்கார்ந்திருந்தால் 1/640 வரை இறங்கலாம். ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) ஆட்டோவில் இருக்கட்டும். உங்கள் லென்ஸின் திறப்பு 400-ல் எஃப்8-க்கு மேல் விரியாது, ஆகையால் காலையில் ஐஎஸ்ஓ 3200 தொடும். தொடட்டும். புள்ளி தெறித்த கூர்மையான படத்தைச் சரிசெய்யலாம், குழைந்த படத்தை ஒன்றும் செய்ய முடியாது. இன்னொன்று, ஆர்7-இல் முழு எலக்ட்ரானிக் ஷட்டர் விநாடிக்கு 30 படம் தரும் என்று ஆசைப்படாதீர்கள். சென்சார் மேலிருந்து கீழாக மெதுவாகப் படிக்கப்படுவதால் சிறகு வளைந்து ரப்பர் மாதிரி விழும். தொடக்கம் எலக்ட்ரானிக், முடிவு மெக்கானிக்கல் ஷட்டர் என்ற 'எலக்ட்ரானிக் ஃபர்ஸ்ட் கர்ட்டன்' வையுங்கள், 15 படம் தாராளம்.

அமிர்திக்கு வேறு மனநிலை வேண்டும். மரங்களுக்குள், வேலிக்காத்தான் புதருக்குள் இருக்கும் குருவிக்குக் கண் கண்டறிதலை நம்பிப் பயனில்லை. குச்சிக்கும் குருவிக்கும் நடுவே அரை அடிகூட இருக்காது. 400 மில்லிமீட்டரில் எஃப்8-இல், ஐந்து மீட்டர் தூரத்தில் தெளிவாக விழும் ஆழமே ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர்தான். அங்கே 'ஸ்பாட் ஏஎஃப்' என்ற மிகச் சிறிய புள்ளியை எடுத்து, குச்சிகளுக்கிடையே தெரியும் மார்பிலோ கன்னத்திலோ வையுங்கள். அதுவும் முடியாவிட்டால் ஓரடி இடம் அல்லது வலம் நகருங்கள். குச்சி விலகிவிடும். மெனுவில் எதையும் மாற்றுவதைவிட இது வேகமானது. கூடு தெரிந்தால் மட்டும் கேமராவை இறக்கிவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள்; நாம் ஃபோகஸ் தேடி நிற்கும் நேரம் தாய்ப்பறவை குஞ்சை விட்டு விலகியிருக்கும் நேரம்.

நாரைக்கு வருகிறேன். இதை நான் வலியோடு கற்றேன். ஒரு ஏப்ரல் மாதம், வேலூருக்கும் காட்பாடிக்கும் நடுவே பாலாற்று மணலில் சிறு குட்டையொன்றில் நத்தைகுத்தி நாரை நின்றது. மணி ஒன்பதரை. எண்பது மீட்டர் இருக்கும். வெயில் சுள்ளென்று இருந்தது, வானம் துப்புரவாக இருந்தது, இதைவிட நல்ல வெளிச்சம் கிடைக்காது என்று அறுபது படம் எடுத்தேன். ஒன்றுகூடத் தேறவில்லை. அன்றிரவு எல்லா மெனுவையும் மாற்றிப் போட்டேன், மறுநாளும் அதே கதி. மூன்றாம் நாள் ஆறேகாலுக்குப் போய், மாற்றியதையெல்லாம் பழையபடி வைத்து எடுத்தபோது இறகு இறகாக விழுந்தது. சூடேறிய மணலுக்கு மேலே காற்று அடுக்கடுக்காக வெப்பம் மாறி நிற்கிறது. ஒளி ஒவ்வொரு அடுக்கிலும் கொஞ்சம் வளைகிறது. ஃபோகஸும் அந்த நெளியும் படத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறது, அதனால் முன்னும் பின்னும் அலைகிறது. இதற்கு எந்த விலை லென்ஸிலும் மருந்தில்லை. கோடையில் நாற்பது டிகிரி தாண்டும் ஊர் நம்முடையது. எட்டு மணிக்கு ஆரம்பிப்பது தூரத்துப் பறவைகளைப் பொறுத்தவரை தாமதம். ஆறு மணிக்குக் கரையில் இருங்கள், எட்டரைக்கு மேல் இருபது மீட்டருக்குள் வருவதை மட்டும் எடுங்கள். காரிலிருந்து எடுப்பதாக இருந்தால் ஏசியை முன்பே நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். உள்ளே குளிர், வெளியே சூடு என்றால் ஜன்னலிலேயே ஒரு கானல் உருவாகும்.

சோனி, நிக்கான் வைத்திருப்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். தத்துவம் அதேதான்: ஏஎஃப்-சி (உங்கள் கேமராவில் சர்வோவின் பெயர்), பறவையைக் கண்டறியும் தெரிவு இருந்தால் அது, ஒரு பட்டனில் சிறிய புள்ளி, இன்னொன்றில் டிராக்கிங். பிடித்ததை விடாமலிருக்கும் அளவை அமைப்பதில் மட்டும் கவனம். சோனியில் 1 என்றால் விடாப்பிடி, 5 என்றால் சட்டென்று தாவும். நிக்கானில் அப்படியே தலைகீழ், 1 சட்டென்று தாவும், 5 பொறுத்திருக்கும். நண்பர் சொன்ன எண்ணை அவர் வைத்திருப்பது எந்தக் கேமரா என்று கேட்காமல் வைத்துவிடாதீர்கள்.

பழகுவதற்குக் காவேரிப்பாக்கம் வரை போக வேண்டியதில்லை. வாரநாளில் வேலூர்க் கோட்டை அகழி ஓரம் அரை மணி நேரம் போதும். அங்கே புறா பறக்கும்போது முதல் பட்டன், இரண்டாவது பட்டன் என்று விரலைப் பழக்குங்கள். புறா உங்களுக்கு மறுபடி மறுபடி வாய்ப்புக் கொடுக்கும். பிறகு வட்டமடிக்கும் பருந்து, அப்புறம் நேராக உங்களை நோக்கி வரும் கொக்கு. கண் கண்டறிதல் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கத் தவிட்டுக்குருவியை எடுங்கள். வெளிறிய கண், கேமரா உடனே பிடிக்கும். இவை பழகிய பின் மீன்கொத்திக்குப் போங்கள்.

எல்லாம் படிந்ததும் பறப்பவற்றுக்கான அமைப்பை, நம் அமைப்புகளைச் சேமித்து வைக்க மேல் டயலில் உள்ள சி1-லும், புதருக்கான அமைப்பைச் சி2-லும் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். பதியும்போது அதே மெனுவில் 'ஆட்டோ அப்டேட்' என்றிருப்பதை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் ஏரிக்கரை அவசரத்தில் நீங்கள் மாற்றும் ஷட்டர் வேகமும் கட்டமும் அதன்மேலேயே பதிந்து, அடுத்த ஞாயிறு சி1-ஐத் திருகினால் போன வாரத்து அவசரம்தான் திரும்பி வரும்.