மூக்கைப் பிடித்த பேராசிரியர்

அன்புள்ள ஐயா,

உங்கள் இத்தாலிப் பயணக் குறிப்பில், போலோன்யாவின் பழைய பல்கலைக்கழகக் கட்டடமான ஆர்க்கிஜின்னாசியோவைப் பற்றி, முக்கியமாக அதிலுள்ள உடற்கூறு அரங்கைப் பற்றி உருகியிருந்தீர்கள். 1944இல் குண்டு விழுந்து அரங்கு நொறுங்கியது, பிறகு கட்டினார்கள் என்று நீங்களே எழுதுகிறீர்கள். அப்படியானால் பார்த்தது நகல்தானே? பல்கலைக்கழகமும் இப்போது அங்கே இல்லை. எதற்கு இவ்வளவு உருக்கம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வம்புக்கு இழுக்கிறீர்கள். சரி, வருகிறேன்.

நகல் என்ற சொல்தான் எனக்கு இடிக்கிறது. குண்டு விழுந்தது ஜனவரி 29. அரங்கு ஏறக்குறைய முழுசாகவே போயிற்று. ஆனால் குவியலை அள்ளிக் கொட்டிவிடவில்லை. மிஞ்சிய மரத்துண்டுகளைப் பொறுக்கி எடுத்து, போர் முடிந்தபின் அவற்றையும் வைத்தே திரும்ப எழுப்பினார்கள். நடுவில் பிணத்தைக் கிடத்தி அறுத்துக் காட்டிய வெள்ளைச் சலவைக்கல் மேசை, சுற்றிலும் படிப்படியாக உயரும் மர இருக்கைகள். ஆசிரியர் மேடையின் விதானத்தை, தோலுரித்த இரண்டு மரமனிதர்கள் தாங்குகிறார்கள். எர்கோலே லெல்லியின் வடிவமைப்பில் 1734இல் செதுக்கியவை. தொடைத் தசை பட்டை பட்டையாகத் தெரியும்.

சுவரோரச் சிலைகளில் ஒன்று காஸ்பாரே தாக்லியாகோட்சி. கையில் ஒரு மூக்கைப் பிடித்திருப்பார்! வாள்சண்டையில் மூக்கறுபட்டவர்களுக்கு மேல்கைத் தோலால் மூக்கு ஒட்டிய பேராசிரியர் அவர். தோல் பிடிக்கும்வரை கையைத் தலையோடு சேர்த்துக் கட்டிவைப்பார். 1597இல் இதற்கென்றே நூலும் எழுதினார். (சுஸ்ருத சம்ஹிதையில் கன்னத்துத் தோல் வைத்து இதே வேலை உண்டு.)

அப்புறம், பல்கலைக்கழகம் அங்கே இல்லை என்பது. வீடு வீடாகச் சிதறிக் கிடந்த வகுப்புகளை ஒரே கூரைக்குள் கொண்டுவரத்தான் 1563இல் இந்தக் கட்டடத்தைத் திறந்தார்கள். 1803இல் பல்கலைக்கழகம் வேறிடம் போனது. கொஞ்ச காலம் சிறுவர் பள்ளி. 1838 முதல் நகராட்சி நூலகம். கட்டடம் பிழைத்ததற்கு இதுதான் காரணம் என்பது என் கட்சி. பாடம் கேட்க என்ன வேண்டும்? வெளிச்சம், உயரம், அமைதி. படிக்கவும் அதேதான். ஒரு சுவரைக்கூட இடிக்காமல் அலமாரிகளை உள்ளே கொண்டுபோய்விடலாம். அதையே ஹோட்டலாக்கியிருந்தால்? அறைக்கு அறை குளியலறை, ஓவியச் சுவரைத் துளைத்துக்கொண்டு தண்ணீர்க் குழாய். அங்கே படித்த மாணவர்களின் சுமார் 6,000 குலச்சின்னங்கள் சுவர்களிலும் கூரையிலும் இருக்கின்றன. எதன்மேல் குழாய் போகலாம் என்று யார் முடிவு செய்வது?

ஒரு விஷயத்தில் உங்கள் கடிதம் என்னைப் பிடித்துவிட்டது. தினமும் ஆள் வந்து படித்துப்போகிற நூலகத்துக்கு என் குறிப்பில் அரைவரி, அரங்குக்கு மூன்று பத்தி. தோலுரித்த மனிதர்களைப் பார்த்ததும் மற்றதெல்லாம் மறந்துபோயிற்று.