சலமாங்காவில் ஒரு செமஸ்டர்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

ஸ்பெயினில் சலமாங்கா பல்கலைக்கழகத்தில் 2018 பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை ஒரு செமஸ்டர் படித்தேன். பிறகு முதுகலைக்காக மறுபடி போய் ஒன்றரை வருடம் இருந்தேன். இப்போது சென்னையில் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கிறேன். செப்டம்பரில் கிளம்புகிறவர்கள் ஆளுக்கொரு நேரத்தில் கேட்பதால், இன்று மாலை முழுக்க இங்கேதான் இருக்கப்போகிறேன். ஊர், மொழி, வீடு, சாப்பாடு எதுவானாலும் கேளுங்கள். நான் விசா ஏஜென்ட் இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கோவை மாணவி: அக்கா, மாட்ரிட், பார்சிலோனா இருக்க எதற்கு சலமாங்கா? சின்ன ஊர் என்கிறார்களே?

சின்ன ஊர்தான். ஒன்றரை லட்சம் பேர்கூட இல்லை. பழைய ஊரின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு இருபது நிமிடத்தில் நடந்துவிடலாம். அதுதான் அதன் பலம். மாட்ரிட்டில் மெட்ரோவில் போகிற நேரத்தில் இங்கே நான்கு பேரிடம் நின்று பேசிவிடலாம். நாலரை மாதத்தில் மொழி வருவது அப்படி நின்று பேசுவதில்தான்.

பல்கலைக்கழகம் 1218-இல் லெயோன் அரசர் ஒன்பதாம் அல்ஃபோன்சோ தொடங்கியது. ஸ்பெயினில் இன்று நடக்கிறவற்றில் மிகப் பழையது. நான் போய்ச் சேர்ந்த 2018-இல் அதற்கு 800-வது ஆண்டு, ஊரெல்லாம் தோரணம். பக்கத்து வியாமயோர் கிராமத்துக் கல்லில்தான் பழைய கட்டடங்கள் எல்லாம் கட்டியிருக்கிறார்கள். அதில் இரும்புச் சத்து உண்டு, காற்றுப்பட்டுப் பழுத்து, அந்தி வெயிலில் சுவரெல்லாம் பனங்கற்கண்டு நிறத்துக்கு வந்துவிடும். அந்தச் சுவர்களில் பெரிய சிவப்பு எழுத்தில் பெயர்கள் தெரியும். அந்தக் காலத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் காளை ரத்தம் கலந்த சாயத்தில் எழுதிவைத்த வெற்றிக் குறிகள் அவை.

எனக்குப் பிடித்த இடம், 16-ஆம் நூற்றாண்டில் இங்கே பாடம் நடத்திய துறவி ஃப்ராய் லூயிஸ் தே லெயோனின் வகுப்பறை. பெஞ்சுகள் என்றால் செதுக்கியும் செதுக்காத மரக்கட்டைகள், மேலெல்லாம் மாணவர்கள் கத்தியால் கீறிய கிறுக்கல். பைபிளின் ஒரு பகுதியை ஸ்பானிஷில் பெயர்த்ததும் அவர்மேல் சொன்ன குற்றங்களில் ஒன்று. 1572-இல் கத்தோலிக்கச் சமய விசாரணைக்காரர்கள் பிடித்துப்போய் நாலு வருடத்துக்கு மேல் சிறையில் வைத்தார்கள். திரும்பி வந்து முதல் வகுப்பில் "நேற்று சொல்லிக்கொண்டிருந்தோமே..." என்று பாடத்தைத் தொடர்ந்தாராம். கதைதான். ஆனால் அந்தக் கட்டையைப் பார்த்துக்கொண்டு கேட்டால் நம்பத்தான் தோன்றும்.

திருச்சியிலிருந்து: எனக்கு ஐந்து மாதப் படிப்பு. எந்த விசா? போலீஸ் சான்றிதழ் வேண்டுமா?

90 நாளைத் தாண்டுவதால் மாணவர் விசா. 180 நாளுக்குள் முடிந்தால் போலீஸ் சான்றும் மருத்துவச் சான்றும் பொதுவாகக் கேட்பதில்லை, அங்கே போய் அடையாள அட்டைக்கு அலையவும் வேண்டாம். செலவுக்குக் காட்டவேண்டிய பணம் ஐப்ரெம் என்ற அரசுக் கணக்குப்படி. 2023 முதல் அது மாதம் 600 யூரோ. காப்பீடு கட்டாயம். மற்றதைத் தூதரகப் பட்டியலில் வரிக்கு வரி பாருங்கள், பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதை வைத்துப் போகாதீர்கள்.

சேலம்: அறை எப்படிப் பிடிப்பது? இங்கிருந்தே முன்பணம் கட்டிவிடலாமா?

கட்டாதீர்கள்.

2018 ஜனவரியில் நான் கட்டினேன். படத்தில் அழகான அறை, மேசை, மஞ்சள் திரை. 250 யூரோ அனுப்பினேன். பெட்டியை இழுத்துக்கொண்டு அந்த முகவரிக்குப் போனால் அது ஆணி, பூட்டு விற்கிற கடை. கடைக்காரர் என் பெட்டியைப் பார்த்ததும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "இந்த வாரத்தில் நீ மூன்றாவது ஆள்" என்றார்.

முதல் ஒரு வாரத்துக்கு விடுதியில் படுக்கை போட்டுக்கொள்ளுங்கள். கல்லூரி அறிவிப்புப் பலகையில் எண்களைக் கிழித்துக்கொள்ளும்படி தொங்கவிட்ட சீட்டுகள் நிறைய இருக்கும். நேரில் பாருங்கள், குழாயைத் திறந்து பாருங்கள், பிறகு பணம். கூடவே "கலெஃபக்சியோன்", அதாவது அறையைச் சூடாக்கும் செலவு, வாடகையில் சேர்ந்ததா என்று கேளுங்கள். இதைக் கேட்காதவர்கள் டிசம்பரில் என்னை நினைப்பார்கள்.

டோர்ட்மண்ட் தம்பி: அக்கா, நான் ஜெர்மனியில படிக்கிறன், எரஸ்முஸில சலமாங்கா கிடைச்சிருக்கு. அங்க எடுக்கிற பாடங்களை எங்கட யூனி ஏற்குமா?

எரஸ்முஸ் என்றால் ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டம். நீங்கள் கொடுத்துவைத்தவர் தம்பி, ஜெர்மன் குடியுரிமை இருந்தால் விசாத் தொல்லையும் இல்லை. ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட். பாடப் பட்டியலில் உங்கள் பக்கக் கையெழுத்து, அவர்கள் பக்கக் கையெழுத்து இரண்டும் விழுந்தபிறகே கிளம்புங்கள். முதல் வாரத்தில் பாடம் மோதும், மாற்றவேண்டி வரும். மாற்றியதற்கும் கையெழுத்து வாங்குங்கள். மதிப்பெண் பத்துக்கு, ஐந்து வந்தால் தேர்ச்சி. ஏழு "நொதாப்லே", ஒன்பது "சோப்ரெசலியெந்தே". நம் ஊர்க் கணக்கில் ஏழு என்றால் முகம் வாடும், அங்கே ஏழு வாங்கியவன் நண்பர்களுக்குச் செலவு செய்வான். ஆங்கிலத்தில் நடக்கிற பாடங்களாகப் பொறுக்கி எடுக்காதீர்கள். குறைந்தது ஒன்றாவது ஸ்பானிஷில் இருக்கட்டும்.

ஈரோடு: பார்ட் டைம் வேலை கிடைக்குமா அக்கா?

உயர்கல்வி மாணவர்களுக்கு வாரம் 30 மணி நேரம் வரை சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் இது மாணவர் ஊர், வேலைக்குக் கைகள் ஏராளம். "மேசை எத்தனை பேருக்கு?" என்றுகூடக் கேட்கத் தெரியாதவரை எந்தக் கடையில் வைப்பார்கள்? அந்த வருமானத்தை நம்பிக் கிளம்பாதீர்கள்.

கும்பகோணம்: சுத்த சைவம். பிழைக்க முடியுமா?

முடியும், ஆனால் "கார்னே" என்ற சொல்லை நம்பாதீர்கள். அகராதியில் இறைச்சி. அவர்கள் வாயில் அது தட்டில் தனித் துண்டாகக் கிடக்கும் இறைச்சி மட்டும். போன முதல் வாரம் மதியச் சாப்பாட்டுக்கு "இறைச்சி இல்லாமல்" என்று சொல்லி, பருப்புக் குழம்பு மாதிரி ஒன்று கேட்டேன். நடுவில் சிவப்புச் சிவப்பாகச் சொரீத்தோ துண்டுகள், பன்றித் தொத்திறைச்சி. கேட்டேன். பரிமாறியவர் உண்மையிலேயே குழம்பிப்போனார். "அது வாசனைக்குப் போட்டது, பெண்ணே" என்றார். பிறகு ஒரு கரண்டியைக் கொண்டுவந்து, குழந்தைக்குக் கறிவேப்பிலை பொறுக்குவதுபோல ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டோரத்தில் வைத்துவிட்டு, இப்போது சரியா என்று பார்த்தார். மனிதரைக் கோபிக்கவும் முடியவில்லை. பன்றித் தொடைக்குப் பெயர்போன கிஹுவேலோ இதே மாகாணத்தில் இருக்கிறது, அவர் என்ன செய்வார்?

ஆகவே பட்டியல் போட்டுச் சொல்லுங்கள்: கார்னே வேண்டாம், ஹமோன் (பன்றித் தொடை) வேண்டாம், சொரீத்தோ வேண்டாம், சூரை மீனும் வேண்டாம். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் உருளைக்கிழங்கு தொர்தியா என்ற தடித்த ஆம்லெட் எங்கும் கிடைக்கும். மற்றபடி சமைத்துக்கொள்ளுங்கள். அர்முன்யா என்று சலமாங்கா பக்கத்துப் பருப்பு ஒன்று உண்டு, பெரிய வட்டப் பருப்பு. துவரையின் இடத்தில் போட்டு நான் சாம்பார் வைத்திருக்கிறேன், குறை சொல்லமுடியாது. பெருங்காயமும் புளியும் மட்டும் கொண்டுபோங்கள். மதியச் சாப்பாடு இரண்டு மணிக்குமேல், இரவு ஒன்பதுக்குமேல். ஆறு மணிக்குப் பசித்தால் அது உங்கள் பாடு.

மதுரைக்காரர்: சலமாங்காவில்தான் சுத்தமான ஸ்பானிஷ் பேசுவார்கள், கிரனாடா பக்கம் கொச்சை என்கிறார்கள். உண்மையா?

இதற்காகத்தான் காத்திருந்தேன்.

சலமாங்காவில் "சொரீத்தோ" என்று நாக்கைப் பல்லுக்கு வெளியே நீட்டுவார்கள். தென்னமெரிக்கா முழுக்கவும், கிரனாடா இருக்கிற தெற்கு ஸ்பெயின் பகுதியான அந்தலூசியாவின் பல இடங்களிலும் "சொரீசோ". வீடு "காசா", வேட்டை "காத்தா". அங்கெல்லாம் இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கும். கிரனாடாவில் சொல் முடிவில் இருக்கிற "ஸ்" பாதி காற்றில் போய்விடும். புதிதாகப் படிப்பவருக்கு சலமாங்காப் பேச்சு காதில் தெளிவாக விழும். அவ்வளவுதான். அதைச் சுத்தம் என்று சொல்வது மொழிப் பள்ளிகளின் வியாபாரம்.

முதல் ஸ்பானிஷ் இலக்கணத்தை எழுதிய நெப்ரிஹா சலமாங்காவில் பாடம் நடத்தியவர். நூல் 1492 ஆகஸ்ட் 18-இல் இதே ஊரில் அச்சாகி முடிந்தது. அதற்குப் பதினைந்து நாள் முன்னால்தான் கொலம்பஸ் கப்பல் ஏறியிருந்தார். அந்த நூலின் முன்னுரையில் "மொழி எப்போதும் பேரரசின் துணை" என்று எழுதுகிறார். அவர் பிறந்தது எங்கே? செவீயா பக்கம் லெப்ரிஹா. அந்தலூசியாக்காரர்! அந்தலூசியன் இவனுக்குக் காஸ்தில்யானோ (ஸ்பானிஷுக்கு இன்னொரு பெயர்) என்ன தெரியும் என்று பின்னால் வந்த எழுத்தாளர் ஹுவான் தே வால்தேஸ் குத்திக்காட்டினார். சுத்தச் சண்டை அன்றே தொடங்கிவிட்டது.

இன்னொன்று: சுத்தம் என்று சொல்கிற இந்தக் காஸ்தில்யா பக்கத்திலேயே "அவளிடம் சொன்னேன்" என்பதற்கு "லே" வரவேண்டிய இடத்தில் "லா" போடுகிறவர்கள் நிறைய. ஸ்பானிஷ் அகாதெமி அதைத் தவறு என்கிறது.

தஞ்சாவூர் ஐயா: 1492-இல் முதல் இலக்கணமா? தொல்காப்பியம் இருக்க இதில் என்ன பெருமை அம்மா?

ஐயா, உலகத்தில் முதல் என்று நான் சொல்லவே இல்லை. இன்று பேசுகிற ஐரோப்பிய மொழி ஒன்றுக்கு அச்சில் வந்த முதல் இலக்கணம். அதுவரை அங்கே இலக்கணம் என்றால் லத்தீன்தான். வீட்டில் பேசுகிற மொழிக்கு எதற்கு இலக்கணம் என்று இருந்தவர்கள். நமக்கு அந்தக் கேள்வியே எழவில்லை, அது நம் பெருமைதான். தொல்காப்பியம் அச்சேறியது 19-ஆம் நூற்றாண்டில். நூல் பழசு என்பது வேறு, அச்சு வேறு.

தஞ்சாவூர் ஐயா: அப்படியானால் தமிழில் அச்சு எப்போது?

தமிழ் எழுத்தில் என்றால் 1578, கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" என்ற கிறித்தவச் சமய நூல். அச்சுக்குக் கொண்டுவந்தவர் போர்த்துகீசியர், அன்றீக்கு அடிகளார். தமிழுக்கு இலக்கணமும் எழுதினார், போர்த்துகீசிய மொழியில், தன் ஆட்களுக்காக. அது அன்று அச்சேறாமல் கையெழுத்துப் படியாகவே நின்றது. நெப்ரிஹா தொடங்கிவைத்த வேலையின் ஒரு அலை நம் முத்துக்குளித்துறைக் கரைக்கும் வந்தது என்றுதான் நான் பார்க்கிறேன்.

மதுரைக்காரர்: இப்போது முடிவாகச் சொல்லுங்கள். மதுரைத் தமிழ் சுத்தமா, தஞ்சாவூர்த் தமிழா?

இங்கே பேசுவது ஸ்பெயின். கிரனாடா போக ஆசையென்றால் போங்கள். அல்ஹம்ப்ரா அரண்மனை இருக்கிறது, பானம் வாங்கினால் தின்பண்டம் இலவசம். அங்கே மூன்று மாதம் கேட்டுப் பழகிய காதுக்கு அப்புறம் எந்த ஊர்ப் பேச்சும் கஷ்டமில்லை.

நாமக்கல்: அக்கா, பார்ட் டைம் ஜாப்?

ஈரோட்டுக்குச் சொன்னதுதான்.

விருதுநகர்: அங்கே 500 வருடப் பழைய தேவாலயத்தில் விண்வெளி வீரர் சிலை இருக்கிறதாமே? வேற்றுக்கிரகவாசிகள்...

1992-இல் பழுது பார்த்தபோது செதுக்கியது. தன் காலத்து அடையாளம் ஒன்றை விட்டுப்போவது பழுது பார்ப்பவர்களின் பழக்கம். பக்கத்திலேயே ஐஸ்கிரீம் கூம்பு பிடித்த ஒரு பூதமும் உண்டு, அதையும் தேடுங்கள்.

ஓசூர்: பல்கலைக்கழக முகப்பில் தவளை எங்கே இருக்கிறது? கண்டுபிடித்தால் பாஸ் ஆகிவிடலாமாமே?

மண்டை ஓட்டின்மேல். எந்த மண்டை ஓடு என்று சொல்லமாட்டேன். யாராவது காட்டிக்கொடுத்தால் பலிக்காது என்பது ஐதீகம்.

புதுச்சேரி அம்மா: என் மகள் போகிறாள். இரவில் தனியாக நடக்கலாமா? குளிர் எப்படி?

ஊர் ஏறக்குறைய 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது அம்மா, ஜனவரி இரவுகளில் பூச்சியத்துக்குக் கீழே போகும். நல்ல கோட்டு ஒன்றை அங்கேயே வாங்கட்டும், இங்கே கிடைப்பது போதாது. இரவைப் பற்றி: பதினொரு மணிக்கு ஊர் நடுச் சதுக்கமான பிளாசா மயோரில் தாத்தா பாட்டிகள் பேரனோடு உலாவுவார்கள். சந்திப்பது எல்லோரும் "கடிகாரத்துக்குக் கீழே"தான். நான் நள்ளிரவுக்குமேலும் நடந்திருக்கிறேன், பயந்ததில்லை. வழக்கமான கவனம் போதும். அறைக்கு மட்டும் பார்க்காமல் பணம் அனுப்பவேண்டாம் என்று சொல்லுங்கள்.

கரூர்: பார்ட்...

தம்பி, மேலே படியுங்கள்.

திண்டுக்கல்: அக்கா, ஒரு அவசரம். சலமாங்காவில் அறை ஒன்று பேசிவிட்டேன். உரிமையாளர் லண்டனில் இருக்கிறாராம், 700 யூரோ போட்டால் சாவியைக் கூரியரில் அனுப்புவாராம். படம் பார்த்தேன், அருமை. ஜன்னலைத் திறந்தால் கடல்.

சலமாங்காவில் ஓடுவது தோர்மெஸ் ஆறு. இருப்பதிலேயே பக்கத்துக் கடலுக்குக்கூட போர்ச்சுகல் என்ற ஒரு நாட்டையே தாண்டிப் போகவேண்டும்.

பணம் போட்டாயிற்றா? போட்டிருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு இப்போதே வங்கியைக் கூப்பிடுங்கள்.