சேவல் கூவி நின்ற கல்யாணம்

கன்னியாகுமரியில் குடிகொண்ட குமரி அம்மனின் கதையைக் கேட்ட எட்டாம் வகுப்பு மகள் “சேவல் கூவினால் கல்யாணம் நிற்குமா, கல்யாண அரிசி எப்படி மணல் ஆகும், எல்லாம் பொய்” என்கிறாள், என்ன பதில் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். நான் நாகர்கோவில்காரன். இந்தக் கேள்வியை நானும் என் பாட்டியிடம் கேட்டிருக்கிறேன்.

கன்னியாகுமரிக் கடற்கரை மணலை முதலில் கையில் அள்ளச் சொல்லுங்கள். கறுப்பாகத் தெரிவது இல்மனைட், சிவப்பு கார்னெட். இதே கரையில் மணவாளக்குறிச்சியில் இந்தக் கனிமங்களைப் பிரித்தெடுக்கிறார்கள். அது உண்மைதான் என்று ஒப்புக்கொள்ளுங்கள். நடுவில் குறுணை மாதிரி வெள்ளைப் பொடிக்கல்லும் கிடைக்கும். சமைக்காமல் போன கல்யாண அரிசி என்று பாட்டி காட்டியது அதைத்தான்.

அப்புறம் இந்தோனேசியாவின் ஜாவா தீவிலுள்ள பிரம்பானான் கோயில் கதையைச் சொல்லுங்கள். பெண் கேட்டு வந்தவனிடம், தன்னை மணக்க வேண்டுமானால் ஒரே இரவில் ஆயிரம் கோயில் கட்டு என்கிறாள் இளவரசி ரோரோ ஜொங்ராங். அவன் ஏவிய பூதங்கள் 999 முடித்துவிடுகின்றன. உடனே ஊர்ப் பெண்களை எழுப்பி நெல் குத்தச் சொல்கிறாள். உலக்கைச் சத்தத்தில் விடிந்ததென்று சேவல் கூவ, பூதங்கள் ஓடிவிடுகின்றன. ஏமாந்தவன் அவளைக் கல்லாகச் சபிக்கிறான். அந்தக் கல் என்று அங்கே காட்டுவது எதை? துர்க்கை சிலையை!

இங்கே நாரதர் சேவலாய்க் கூவ, குமரியை மணக்க சுசீந்திரத்திலிருந்து கிளம்பிய சிவன் பாதியில் திரும்புகிறார். ஏனென்றால் கன்னி ஒருத்தியால்தான் பாணாசுரன் சாக வேண்டும். கடலுக்கு அந்தப் பக்கமும் இதே பொய்விடியல் ஏன் என்று மகளிடமே கேளுங்கள். எனக்குத் தோன்றுவது, காத்திருந்து கிடைக்காமல் போன வலிக்கு இரண்டு ஊரும் ஒரு உருவம் தேடியிருக்கிறது. அவள் வேறு சொன்னால் எழுதுங்கள், ஆசையாக இருக்கிறது.